புனித வாந்திலோனின் முழம்

புனித வாந்திலோனின் வலது கை நாலாயிரம் லிவ்ர். வெனிஸ் வியாபாரி முதலில் சொன்ன விலை அது. அரசரின் ஆட்கள் மூன்று நாள் பேசினார்கள். இரண்டு முறை கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனார்கள். இரண்டு முறையும் வியாபாரி கூப்பிடாததால் தாங்களாகவே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் மூவாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.

புனிதர்களின் எலும்பை விற்பது மகா பாவம். வாங்குவது அதைவிடப் பெரிய பாவம். இரு தரப்புக்கும் இது நன்றாகத் தெரியும். ஆகவே எலும்பு இனாம். எலும்பைச் சுற்றியிருந்த துணிக்குத்தான் மூவாயிரத்து இருநூறு. துணி என்னவோ ஒன்றரை முழம் பழைய சணல், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. ஓர்மெல் சந்தையில் அந்த மாதிரித் துணியில் மீனைச் சுற்றித் தருவார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள்.

அந்தக் கையை வைக்க வெள்ளியில் ஒரு பேழை செய்யும் வேலை ஓர்மெல் ஊர்த் தட்டான் ஆன்சோவுக்கு வந்தது.

ஆன்சோ சுத்தமான வேலைக்காரன். அவன் அடித்த கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஒரு மயிரிழை ஏறி இறங்காது. பேச்சுத்தான் வராது. பேச்சு அவன் மனைவி எர்சாந்தின் இலாகா. அவள் ஜவுளிக்கடைக்காரர் மகள். ஞானஸ்நானத்தின்போதே தண்ணீர் அளவு குறைகிறது என்று அழுதவள் என்று ஊரில் சொல்வார்கள்.

பேராலயச் சபையின் பொக்கிஷச் சாமி, பெயர் கீபெர், ஆன்சோவைக் கூப்பிட்டனுப்பி விஷயத்தைச் சொன்னார். புனிதர் அந்தக் காலத்தில் வலது கையை உயர்த்தி ஆற்று வெள்ளத்தை நிறுத்தியவர். ஆகவே பேழையும் உயர்த்திய கை வடிவத்தில் இருக்க வேண்டும். முழங்கை முதல் விரல் நுனிவரை, முழுக்க வெள்ளி. செப்டம்பர் திருவிழாவுக்கு அரசர் நேரில் வந்து எலும்பைத் தம் கையாலேயே உள்ளே வைப்பார்.

"சரிங்க சாமி. எலும்பு வந்ததும் ஒரு நூல் பிடிச்சு அளந்துக்கிறேன்," என்றான் ஆன்சோ.

"எலும்பு திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னாடிதான் வருது. அதுக்கப்புறம் நீ வெள்ளி உருக்குவியா? அதுவரைக்கும் புனிதரை எங்க வைக்கிறது, முட்டைக் கூடையிலயா?"

"அப்ப அளவு?"

கீபெர் சாமி சுவரைக் காட்டினார். பேராலயச் சுவரில் ஆளுயரத்துக்குப் புனிதர் நின்றுகொண்டிருந்தார், கை உயர்த்தியபடி. அவருக்குப் பக்கத்தில் இப்போதைய அரசரின் தாத்தா மண்டியிட்டு, தாம் பணம் கொடுத்துக் கட்டிய ஆலயத்தை ஒரு பணியாரத்தட்டுப் போல ஏந்தியிருந்தார். தாத்தா காலத்தில் தாத்தா செலவில் வரைந்தது.

"அளவு முன்னாடியே நிக்குதே. உனக்குக் கண்ணு தெரியலையா?"

ஓர்மெல்காரர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் வராது. அந்தச் சுவரிலிருந்து அளவெடுத்துத்தான் ஆலய வாசல் கதவில் இரும்புக் கம்பி ஒன்று பதித்திருந்தார்கள். ஊரில் முழம் என்றால் அந்தக் கம்பிதான், இருபத்துநாலு விரற்கடை. சந்தையில் விற்கிற துணியில் இருபது முழத்துக்கு ஒரு முழம் சபைக்குப் போகும். கம்பியைவிடக் குட்டையான கோலை வைத்து விற்றவனுக்கு வலது கை போகும். ஓவியக்காரன் யாருடைய கையைப் பார்த்துப் புனிதரை வரைந்தான் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஒப்பந்தம் லத்தீனில் இருந்தது. சபைக் கணக்கர் அதை மூச்சுவிடாமல் வாசித்தார். அவசரத்தில் புதிதாக எழுத நேரமில்லாததால் ஜவுளிக்காரர்களுக்கு உள்ள பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: அளவில் குறை கண்டால் செய்தவனின் வலது கை மணிக்கட்டோடு சபைக்குச் சேரும். ஆன்சோ கீழே ஒரு பெருக்கல் குறி போட்டான். அளவு விஷயத்தில் அவனுக்கு என்ன பயம்.

அரசரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அரசரின் காரியக்காரர் ஆங்கெரான் பிரபு. பேழையின் அடியில் அரசர் மண்டியிட்டிருப்பது போல ஒரு வெள்ளி உருவம் வேண்டுமாம்.

"எவ்வளவு உயரம் வைக்கட்டுங்க, பிரபு?"

"நம்ம அரசர் ரொம்பப் பணிவானவர்ப்பா. அந்தப் பணிவு கோயில் வாசல்ல நிக்கறவனுக்கும் தெரியணும். ஒன்றரைச் சாண் வை."

"புனிதர் கையே ரெண்டு சாண்தானுங்களே."

"அதனாலதான் ஒன்றரை. ரெண்டு கேட்கலை பாரு. அதுதான் பணிவு."

ஆன்சோ ஐந்து மாதம் வேலை செய்தான். கை வளர்ந்தது. சட்டை மடிப்பு, மணிக்கட்டில் நரம்பு, ஆசீர்வதிக்கிற இரண்டு விரல், நகக்கண்ணில்கூட நெளிவு. சுவரோடு வைத்துப் பார்த்தால் இருபத்துநாலு விரற்கடை மயிரிழைகூடப் பிசகாது. பக்கத்தில் அரசர் மண்டியிட்டிருந்தார், உள்ளே வெறும் கூடாக.

எலும்பு சொன்னபடி ஒன்பது நாள் முன்னால் வந்தது. பெட்டியைத் திறந்தார்கள், மூவாயிரத்து இருநூறு லிவ்ர் துணியை விலக்கினார்கள், எல்லாரும் முழந்தாளிட்டார்கள். பிறகு ஆன்சோவை எழுந்திருக்கச் சொல்லி, எலும்பைப் பேழைக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். எலும்பு போனது. போய் ஓர் இடத்தில் நின்றது. நாலு விரற்கடை வெளியே இருந்தது.

ஆன்சோ எலும்பை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் திருப்பினான். பிறகு மெதுவாகக் குனிந்து தன் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சாமி, தப்பா நினைக்காதீங்க. இது காலுங்க."

கீபெர் சாமி கோபப்படவில்லை. பெட்டிக்குள் இருந்த கடிதத்தை எடுத்து விரித்தார். "இங்க பாரு. மூணு பிஷப்போட முத்திரை. என்ன எழுதியிருக்கு? வலது கை. அந்த எலும்புல ஏதாவது எழுதியிருக்கா?"

"இல்லைங்க."

"எழுதினதை நம்பறதா, எழுதாததை நம்பறதா? நீயே சொல்லு."

ஆன்சோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் எலும்பைப் பழையபடி துணியில் சுற்றினான்.

மறுநாள் காலை சபை கூடியது. பன்னிரண்டு சாமிகளும் வந்திருந்தார்கள். தலைவர் பெரிய சாமி. வயதானவர், எதையும் வரிசையாக யோசிப்பவர், வரிசை முடியும் இடத்தில் யார் நின்றாலும் கவலைப்படாதவர்.

"நிதானமா பார்ப்போம்," என்றார் அவர். "எலும்பு நாலு விரற்கடை கூடுதல்னு சொல்ல முடியாது. புனிதர் உடம்புல கூடுதல் குறைச்சல் கிடையாது. அரசர் ஏமாந்துட்டார்னு சொல்ல முடியாது. அவர் துணிதான் வாங்கினார், துணி சரியாத்தான் இருக்கு. சுவர்ல இருக்கிற அளவு தப்புன்னு சொல்ல முடியாது. அது அரசரோட தாத்தா காசுல வரைஞ்சது. சுவரைப் பார்த்து அளவெடுன்னு சொன்ன சபை தப்பு பண்ணுச்சுன்னு சொல்ல முடியாது. ஏன்னா சபை நாங்க. மிச்சம் யாரு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்சோவும் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் எழுதியாயிற்று. திருவிழாவுக்கு மறுநாள் நண்பகலில் ஆன்சோவின் வலது கை வெட்டப்படும். திருவிழாவுக்கு முன்னால் வெட்டினால் விழாவின் களை கெட்டுவிடும் என்று ஒரு சாமி சொன்னார். தவிர, பேழைக்கு மெருகு போடும் வேலை பாக்கி இருக்கிறது; இருக்கிற கையால் அதை முடித்துக் கொடுத்துவிடட்டும் என்று கீபெர் சாமி கருணையோடு சொன்னார். கணக்கர் அன்றைய வரவில் எழுதிக்கொண்டார்: வலது கை, ஒன்று.

ஆன்சோ வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். எர்சாந்த் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அளவுதானேன்னு நினைச்சேன்."

"அளவுதான்யா எல்லாம். எங்கப்பா அரை முழத் துணிக்கு நாலு பேரைக் கூட்டி வெச்சுப் பேசுவார். நீ ஒரு கையைக் குடுத்துட்டு வந்திருக்க, எடை கூடப் போடாம." அவள் அவனுடைய வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சுத்தியல் காய்ப்பு, நெருப்புத் தழும்பு, ஒரு கறுத்த நகம். "வேற கை இருக்கா உனக்கு, இந்த வேலை பண்ண?"

"இடது கை இருக்கு."

"அது ரொட்டி பிடிக்கக்கூட ஒழுங்காப் பிடிக்காது."

இரண்டு நாள் கழித்து வெட்டுகிறவரே வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரர், மரியாதையான மனிதர். கூலி இரண்டு லிவ்ர், குதிரைச் செலவு உட்பட, வெட்டப்படுபவர் கணக்கில். மேசை வீட்டில் இருக்கிறதா அல்லது தாம் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். ஓக் மரமென்றால் நல்லது, பைன் மரம் பிளந்துவிடும் என்றார். எர்சாந்த் அவருக்கு ஒரு குவளை ஆப்பிள் சாராயம் கொடுத்து, இரண்டு லிவ்ர் அதிகம், ஒன்றரைதான் தருவேன் என்றாள். கை போகப்போகிறவன் வீட்டில் பேரமா என்று அவர் திகைத்துப்போனார். ஆனால் ஒன்றரைக்கு ஒத்துக்கொண்டார்.

ஆன்சோ தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தப்பிக்கப் பார்த்தான். பெரிய சாமியிடம் போய், பேழையின் அடியில் நாலு விரற்கடைக்குச் சட்டை மடிப்பு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், வெள்ளி தன்னுடையது, கூலி வேண்டாம் என்றான்.

பெரிய சாமி யோசித்தார். "சேர்த்தா, முன்னாடி குறைஞ்சிருந்துச்சுன்னு ஆயிடும்."

"குறைஞ்சிருக்குன்னுதானுங்களே கையை வெட்டறீங்க?"

"அது தண்டனை. இது ஒப்புதல். ரெண்டும் வேற. சரி, அதை விடு. நீ இன்னொரு விஷயத்தை ஞாபகப்படுத்திட்ட. சுவர்ல இருக்கற கை இருபத்துநாலு விரற்கடை. எலும்பு வந்தப்புறம் அது எப்படி இருபத்துநாலா இருக்கும்? அரசர் வந்து பார்த்தா?"

ஆன்சோவின் கை காப்பாற்றப்படவில்லை. ஆனால் சுவரில் இருந்த கைக்கு விமோசனம் பிறந்தது. கோலார் என்ற ஓவியக்காரனை வரவழைத்தார்கள். அவன் சாரம் கட்டி ஏறி, ஒரே நாளில் புனிதரின் கையை நாலு விரற்கடை நீட்டினான். ஆலய வாசலில் நின்ற கல் புனிதருக்கும் சுண்ணாம்பு அப்பி நீட்டினார்கள். அது புறாக்கள் உட்காரத் தோதாக இருந்தது.

மறுநாள் ஆங்கெரான் பிரபு ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சாமி, இது என்ன?"

"புனிதர் ஆசீர்வாதம் பண்றார், பிரபு," என்றார் கீபெர் சாமி.

"யாரை?"

"உங்க அரசரோட தாத்தாவை."

"காதைப் பிடிச்சுத் திருகியா?"

உண்மைதான். நீண்ட கையின் இரண்டு விரல்களும் தாத்தாவின் இடது காதில் வந்து முடிந்தன. கோயில் கட்டியவருக்குக் கணக்கு தப்பாகச் சொன்ன பையனின் முகம் வந்துவிட்டது.

"ராஜ குடும்பத்துல யாரோட காதையும் யாரும் தொட்டதில்லை," என்றார் ஆங்கெரான். "பெத்தவங்களே தொட்டதில்லை. அதனாலதான் அவங்க ராஜாவா இருக்காங்க. புனிதரை நகர்த்துங்க."

"புனிதரை நகர்த்த முடியாதே பிரபு. அவர் நிக்கற இடத்துலதான் வெள்ளம் நின்னுச்சு."

"அப்ப காதை எடுங்க."

கோலார் மறுபடி சாரம் ஏறினான். காதை மறைக்கக் கிரீடத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினான். காது மறைந்தது, கூடவே கண்ணும் மறைந்தது. எங்கள் அரசரின் தாத்தா குருடரா என்று பிரபு கேட்டார். கோலார் சாரத்திலிருந்து இறங்காமலேயே கிரீடத்தின் மேல் இரண்டு கண்களை வரைந்தான். பிரபு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஜாடை இருக்கிறது என்றார்.

இந்த வேடிக்கையைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. எர்சாந்தும் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் கிரீடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள். கதவில் இரும்புக் கம்பி இருந்த மாதிரியே இருந்தது. அவள் நேரே வீட்டுக்குப் போய் நல்ல தலைத்துண்டாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கீபெர் சாமியைப் பார்க்கப் போனாள். திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது.

"உன் புருஷனுக்காகக் கெஞ்ச வந்திருந்தா, தீர்ப்பு எழுதியாச்சும்மா," என்றார் சாமி.

"அவரை விடுங்க சாமி. அவர் பண்ணின தப்புக்கு அவர் படறார். எனக்கு ஒரு சந்தேகம். சுவர்ல கையை நீட்டிட்டீங்க, வாசல்ல கல்லுக்கும் நீட்டிட்டீங்க. கதவுல இருக்கற கம்பியை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

சாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"அது புனிதர் முழம்னு தானே எங்கப்பா சொல்லுவார்," என்றாள் எர்சாந்த். "புனிதரோட கை இருபத்தெட்டு விரற்கடைன்னா முழமும் இருபத்தெட்டுதானே. போன வருஷச் சந்தையில சபைக்கு அறுநூறு முழம் வந்துச்சுன்னு எங்கண்ணன் சொன்னான். எனக்கு என்ன தெரியும், பொம்பளை. முழத்துக்கு நாலு விரற்கடைன்னா..."

"நூறு முழம்," என்றார் சாமி. அவர் கண் எங்கேயோ போய்விட்டது. "வருஷத்துக்கு நூறு முழம். சும்மா."

"சும்மா எப்படிங்க சாமி. புனிதரோட புண்ணியம்."

சாமி எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தார். எர்சாந்த் அவரை நடக்கவிட்டாள். சரக்கைக் காட்டியதும் விலை சொல்லக் கூடாது என்பது அவள் கடையில் கற்றது.

"ஆனா ஒரு கஷ்டம் இருக்கு சாமி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நீங்க கோயில்ல பாடறவங்களுக்கு வருஷா வருஷம் ஆளுக்கு ஆறு முழம் குடுக்கறீங்க. ஏழைங்களுக்குத் திருவிழாவுல மூணு முழம். மிச்சத்தை வெளியூர் வியாபாரிங்களுக்கு விற்கறீங்க. அதையெல்லாம் இனிமே நீண்ட முழத்துலதானே குடுக்கணும்? வந்த நூறும் அந்தப் பக்கமா போயிடுமே."

சாமி நடப்பதை நிறுத்தினார். இரண்டு நிமிடத்தில் நூறு முழத்தைச் சம்பாதித்துத் தொலைத்துவிட்டவரின் முகம் அவருக்கு.

"குடுக்கும்போது பழைய முழம் இருந்தா நல்லது," என்றார்.

"இருந்தா நல்லதுதான். ஆனா கம்பியை நீட்டிட்டா பழைய முழம் எங்க இருக்கும்? சும்மா ஒரு குச்சியை வெச்சு அளந்தா ஊர் ஒத்துக்குமா? புனிதரோட கையா இருக்கணும். மந்திரிச்சதா இருக்கணும். அரசர் தொட்டதா இருக்கணும். இருபத்துநாலு விரற்கடை, மயிரிழை பிசகாம." அவள் பெருமூச்சு விட்டாள். "அப்படி ஒண்ணு எங்க கிடைக்கும், இந்த மூணு நாள்ல."

கீபெர் சாமி திரும்பி, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த வெள்ளிக் கையைப் பார்த்தார்.

"உன் புருஷன் செஞ்சது," என்றார்.

"அது குட்டையாச்சுங்களே சாமி. அளவுல குறைன்னு பன்னிரண்டு சாமிங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்காகத் திருவிழாவுக்கு மறுநாள் அவர் கையை எடுக்கறீங்க. பொய் அளவுன்னு சபையே முத்திரை போட்டதை வெச்சு, சபையே துணி அளந்து விற்கலாமுங்களா? குட்டைக் கோலை வெச்சு விற்கிறவனை ஊர்ச் சட்டம் என்ன பண்ணும்னு எனக்கு இப்ப சரியா ஞாபகம் வரலை."

சாமிக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அவர் தம் வலது கையை அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே சபை மறுபடி கூடியது. பெரிய சாமி எழுந்து ஓர் உரை நிகழ்த்தினார். அதைக் கணக்கர் எழுதி வைத்திருக்கிறார்.

"புனித வாந்திலோனுக்கு ரெண்டு முழம் உண்டு. பெறும் முழம், கொடுக்கும் முழம். எலும்பு பெறும் முழம். அது இருபத்தெட்டு. ஏன்? நாம குடுக்கறதை ஆண்டவர் பெரிய மனசோட வாங்கிக்கிறார். வெள்ளிக் கை கொடுக்கும் முழம். அது இருபத்துநாலு. ஏன்? கொடுக்கும்போது அடக்கம் வேணும். கை நிறையக் கொடுக்கறது பெருமை, பெருமை பாவம். அந்த நாலு விரற்கடைப் பாவத்தைச் செய்யாம இந்தச் சபை வருஷா வருஷம் விலகி நிக்கும். ஏழைங்க சார்பாவும் சேர்த்து விலகி நிக்கும்."

பன்னிரண்டு சாமிகளும் ஆமென் என்றார்கள். வெள்ளிக் கையின் அளவு சரியானது என்று எழுதியாயிற்று. ஆன்சோவின் கை வெட்டப்படாது.

ஆனால் எலும்பு இன்னும் நாலு விரற்கடை வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அரசர் வந்து வைக்கும்போது அது தெரியக் கூடாது. வெள்ளிக் கையையும் நீட்டக் கூடாது. இதற்கு வழி கண்டுபிடிப்பது தட்டான் வேலை என்று சொல்லிவிட்டுச் சாமிகள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஆன்சோ வெள்ளி அரசரைக் கையில் எடுத்துப் பார்த்தான். உள்ளே கூடு. உச்சந்தலையில் கிரீடத்துக்கு நடுவே வட்டமாக ஒரு துளை போட்டான். அரசரின் தலைமேல் புனிதரின் கையை நிறுத்தி ஒட்டினான். விரல் நுனிகளைக் கழற்றி மாட்டும் மூடியாக்கினான். இப்போது எலும்பை மேலேயிருந்து விட்டால், கை முழுவதும் இறங்கி, மிச்சம் நாலு விரற்கடை அரசரின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆங்கெரான் பிரபு வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"புனிதர் எங்க அரசரோட தலைக்குள்ள இருக்காரா?"

"ஆமாங்க பிரபு. நாலு விரற்கடை."

"இதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. காலியாத்தான் இருந்துச்சு."

பிரபு அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஆன்சோவின் முகத்தில் கள்ளம் இல்லை.

"அரசர் கேட்டா இந்த மாதிரி பதில் சொல்லாதே," என்றார் தணிந்த குரலில். "அறிவுக்கு மேல அருள் சேர்ந்துச்சுன்னு சொல்லு."

கடைசிவரை அந்த எலும்பு கால் என்றுதான் ஆன்சோ நினைத்தான். அப்படியானால் அரசரின் தலைக்குள் நிற்பது என்ன என்பதும் அவனுக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எர்சாந்திடம் சொன்னான். அவள் முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

திருவிழா சிறப்பாக நடந்தது. அரசர் எலும்பை உள்ளே விட்டார். அது பிசகாமல் இறங்கியது. தம் உருவத்தின் தலையிலிருந்து புனிதர் எழுவதைப் பார்த்து அவர் கண்ணீர்விட்டார். பணிவு வாசல்வரை தெரிந்தது. கதவில் புதிய கம்பி பதித்திருந்தார்கள், இருபத்தெட்டு விரற்கடை. ஜவுளிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்த் துணியை ஈரம் செய்து, சட்டத்தில் மாட்டி, முழத்துக்கு நாலு விரற்கடை இழுத்துக் காயப்போட்டார்கள். எர்சாந்தின் அண்ணன்தான் ஆரம்பித்தது. அந்தக் குளிர்காலத்தில் சபைச் சாமிகளின் அங்கிகள் வழியாகக் காற்று வந்துபோனது.

திருவிழாவுக்கு மறுநாள் வெட்டுகிறவர் சரியான நேரத்துக்கு வந்துசேர்ந்தார். தீர்ப்பு மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வந்ததற்குத்தான் கூலி, வெட்டுவதற்குத் தனியாக வாங்குவதில்லை என்றார். எர்சாந்த் அவரிடம் ஒரு பன்றித் தொடையைத் துண்டு போடக் கொடுத்து, பேசிய ஒன்றரை லிவ்ரையும் கொடுத்து அனுப்பினாள்.

அதன் பிறகுதான் சபைக் கணக்கர் வந்தார், கணக்குப் புத்தகத்தோடு.

"ஒரு சின்னச் சிக்கல் ஆன்சோ," என்றார். "தீர்ப்பு அன்னைக்கே உன் கையை வரவுல எழுதிட்டேன். தீர்ப்பு மாறிடுச்சு. ஆனா வரவுல எழுதினதை அழிக்க முடியாது. வருஷக் கடைசியில அரசரோட ஆள் வந்து சரிபார்ப்பார். வரவுல இருக்கற பொருள் இருப்புல இருக்கணும்."

"அப்ப வெட்டப் போறீங்களா?"

"சேச்சே. கை சபையோடது. உன்கிட்ட இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழா முடிஞ்சதும் கொண்டுவந்து காட்டிட்டுப் போ. நான் பார்த்து எழுதிப்பேன். ஆனா சபையோட பொருளை வெச்சு நீ சம்பாதிக்கறே இல்லையா, அதுக்கு வாடகை வரும். வருஷத்துக்கு இருநூத்தி நாற்பது தெனியே, அதாவது ஒரு லிவ்ர்."

ஆன்சோ தன் கையைப் பார்த்தான். அது அவனுடைய மற்றக் கையைப் போலவேதான் இருந்தது.

உள்ளேயிருந்து எர்சாந்த் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கணக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வாடகை நியாயம்தான்," என்றாள். "அடுத்தவங்க பொருளைச் சும்மா வெச்சுக்கக் கூடாது. ஆனா சபையோட கையை எங்க வீட்டுல வெச்சுப் பராமரிக்கறோமே. அதையும் எழுதிக்குங்க. நான் சொல்றேன்."

கணக்கர் எழுதத் தொடங்கியபோது உச்சி வெயில். முடித்தபோது ஆலயத்தில் மாலை மணி அடித்தது. அந்தப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது:

வலது கை, ஒன்று. சபையின் உடைமை. தட்டான் ஆன்சோவின் பராமரிப்பில். நிலை நல்லது, கட்டைவிரல் நகம் மட்டும் கறுப்பு.

சபைக்கு வரவேண்டிய வாடகை: 240 தெனியே.

தட்டானுக்குத் தரவேண்டியது:
சாப்பாட்டில் கையின் பங்கு: 120.
சவுக்காரம்: 20.
தீக்காயத்துக்குப் பன்றிக் கொழுப்பு: 40.
குளிரில் கையைக் காயவைத்த விறகு: 30.
ஞாயிறுதோறும் இக்கையால் சிலுவை அடையாளம் போட்ட கூலி, புண்ணியம் சபைக்குப் போவதால்: 30.
கூட்டுத்தொகை: 240.

நேர்.

மேற்படி கைக்குக் குளிர்காலக் கையுறை, வலது மட்டும், ஒன்று. சபை தரவேண்டியது. துணி, பெறும் முழத்தில் அளக்க வேண்டும் என்று தட்டான் மனைவி. கொடுக்கும் முழத்தில் என்று சபை. பாக்கி.